வவுனியாவில் பகலும் மைமலும்: ஓர் ஆண்டின் வெளிச்சத்தைக் கொப்பியில் அளந்து வைப்பது எப்படி

"மார்கழியில் பொழுது கெதியாகப் பட்டுவிடும்" என்று சொல்லாத வீடு வன்னியில் இருக்காது. அந்தச் சொல்லில் பாதிதான் சரி. வவுனியா நகரில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் மார்கழியில்தான், டிசம்பர் 21ஐ ஒட்டி வருகிறது என்பதும் அன்றைய பகலின் நீளம் 11 மணி 37 நிமிடம் என்பதும் உண்மை. ஆனால் சூரியன் ஆண்டிலேயே மிக முந்தி மறைவது அதற்கு ஐந்து கிழமைக்கு முன்னர், ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் நவம்பர் நடுப்பகுதியில், மாலை 5.44 மணியளவில். டிசம்பர் 21ஆம் திகதி வரும்போது மாலைப் பொழுது ஏற்கெனவே பத்து நிமிடம் நீண்டு 5.54ஐத் தொட்டிருக்கும்.

இந்த வேறுபாட்டை நான் கற்றது புத்தகத்திலிருந்து அல்ல. சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு நவம்பர் நடுவில், நெடுங்கேணியிலிருந்து புளியங்குளம் நோக்கிச் சைக்கிளில் புறப்பட்டேன். அதே பயணத்தை ஜூலையில் மாலை ஐந்தே காலுக்குத் தொடங்கி வெளிச்சம் இருக்கும்போதே முடித்த நினைவிலும், குறுகிய நாள் வர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறதே என்ற கணக்கிலும் அன்றும் ஐந்தே காலுக்கே கிளம்பினேன். மாரி மேகம் மூடியிருந்தது. ஆறு மணிக்கு முன்னரே வீதியின் ஓரம் எது, காடு எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போயிற்று. சைக்கிளில் டைனமோ இல்லை, கையில் ரோச் லைற்றும் இல்லை. இடப்பக்கத்தில் கிளை முறியும் சத்தம் கேட்டதும் இறங்கி நின்றுவிட்டேன். பின்னால் வந்த உழவு இயந்திரத்தின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத் தூரத்தைக் கடந்தேன். அடுத்த நாளே ஒரு கொப்பி வாங்கினேன். கீழே சொல்லப்படுவன அந்தக் கொப்பியோடும் கொஞ்சம் கணக்கோடும் நான் செய்து பார்த்த முறைகள்; இங்கே தரப்படும் நேரங்கள் வவுனியா நகருக்கானவை.

நிற்கும் இடமும் மணிக்கூடும்

முதலில் ஓர் இடத்தைத் தெரிந்தெடுத்து ஆண்டு முழுவதும் அதே இடத்தில் நின்றே பார்க்க வேண்டும். நகருக்குள் கட்டடங்களும் மரங்களும் அடிவானத்தை மறைப்பதால், குளக்கட்டுதான் வன்னியில் கிடைக்கக்கூடிய மிக நல்ல இடம். வவுனியாக் குளக்கட்டு போதும். கிளிநொச்சியில் இருப்பவர்களுக்கு இரணைமடுக் கட்டைப் போன்ற அகன்ற வெளி வேறு இல்லை. முல்லைத்தீவில் உதயத்தையும் தலைமன்னாரில் அஸ்தமனத்தையும் கடலின் மேலேயே பார்க்கலாம் என்பதால் அங்குள்ளவர்களுக்கு வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

அஸ்தமனம் என்று எழுதவேண்டியது சூரியனின் மேல் விளிம்பு அடிவானத்துக்குக் கீழே மறையும் கணத்தை. உதயம் என்பது அதே மேல் விளிம்பு முதலில் தோன்றும் கணம். குளத்தின் அக்கரையில் மரவரிசை இருந்தால் சூரியன் அதற்குப் பின்னால் முந்தியே மறைந்துவிடும். அதைத் திருத்துவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கையை முழுவதும் நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலின் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை. நம் அகலக்கோட்டில் சூரியன் ஒரு பாகை இறங்குவதற்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் எடுக்கும். ஆகவே மரவரிசை இரண்டு சுண்டுவிரல் உயரம் நின்றால், நீங்கள் கண்ட நேரத்தோடு எட்டு நிமிடத்தைக் கூட்டி எழுதுங்கள். சூரியனை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்; கடைசி விளிம்பை ஓரக்கண்ணால் கவனித்தாலே போதும். தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது.

மணிக்கூடு சரியாக இருக்க வேண்டும் என்பதால், நேரத்தைத் தானாகவே திருத்திக்கொள்ளும் கைத்தொலைபேசியே நல்லது. சுவர் மணிக்கூட்டை நம்பினால், ஒரு கிழமையில் பகல் எவ்வளவு மாறியது என்பதற்குப் பதிலாக மணிக்கூடு எவ்வளவு பிந்தியது என்பதையே அளந்துகொண்டிருப்பீர்கள்.

உச்சிவேளை எப்போது வருகிறது

அடுத்த படி, சூரியன் உச்சத்தை அடையும் நேரத்தைக் கண்டுபிடிப்பது. இலங்கை நேரம் கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. அது கிழக்கு 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு உரிய நேரம். வவுனியா 80.5 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில் இரண்டு பாகைக்கு எட்டு நிமிடம். எனவே ஆண்டுச் சராசரியாக வவுனியாவின் உச்சிவேளை 12.08க்கு வருகிறது. முல்லைத்தீவு கிழக்கே இருப்பதால் அங்கே சுமார் 12.07க்கும், மேற்கே உள்ள மன்னாரில் பன்னிரண்டு மணி கழிந்து ஏறத்தாழ பத்தரை நிமிடத்திலும் அது நிகழும். வன்னியின் ஒரு கரைக்கும் மற்றக் கரைக்கும் உள்ள இடைவெளி மூன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் கூட.

இந்த ஐந்தரை மணி எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 1996 மே மாதத்தில் மணிக்கூடு ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டு, அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே கொண்டுவரப்பட்டு, 2006 ஏப்ரல் வரை நாடு ஆறு மணி வேறுபாட்டோடு ஓடிற்று. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிப் பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே நின்றதால், ஓமந்தையைக் கடந்தவர்கள் மணிக்கூட்டை அரை மணி திருப்ப வேண்டியிருந்தது. அக்காலத்துக் குறிப்பு எதையாவது இன்றைய நேரத்தோடு ஒப்பிடுவதாக இருந்தால், அது பழைய நேரமா புது நேரமா என்பதை முதலில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

உச்சிவேளையை நேரில் பார்க்க, முற்றத்தில் ஒரு மீற்றர் நீளமான தடியை நூற்குண்டு பிடித்து நேராக நட்டு, பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரை வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் கல் வையுங்கள். நிழல் மிகக் குறுகிய இடமே உச்சி. டிசம்பர் 21இல் அந்த நிழல் வடக்கே 63 சென்ரிமீற்றர் நீளும். ஜூன் 21இல் 26 சென்ரிமீற்றர் மட்டுமே, அதுவும் தெற்கே விழும். முதல் முறை தெற்கே விழும் நிழலைக் கண்டபோது தடியைத்தான் பிழையாக நட்டுவிட்டேன் என்று நினைத்தேன். சூரியன் நம் தலைக்கு மேலாக வடக்கே சென்றுவிட்ட காலம் அது. அப்படிச் செல்லும்போதும் திரும்பும்போதும் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும் நாட்கள் வவுனியாவில் இரண்டு. ஒன்று சித்திரை வருடப் பிறப்புக்கு ஓரிரு நாள் முன்னதாக, ஏப்ரல் 12ஐ ஒட்டி, 12.09க்கு, மற்றையது ஓகஸ்ட் 31ஐ ஒட்டி, 12.08க்கு. அந்த வேளையில் நேராக நட்ட தடிக்கு நிழலே இருக்காது.

இந்தச் சோதனையை மாதம் ஒரு தடவை செய்தால், உச்சிவேளை ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது தெரியவரும். பெப்ரவரி 11ஐ ஒட்டி அது 12.22 வரை பிந்தும். மே நடுவில் 12.04க்கு முந்தும், ஜூலை இறுதியில் 12.14 அல்லது 12.15 ஆகும், நவம்பர் 3ஐ ஒட்டி 11.52க்கே வந்துவிடும். பூமி நீள்வட்டத்தில் சுற்றுவதால் ஜனவரித் தொடக்கத்தில், சூரியனுக்கு மிக அண்மையில் இருக்கும்போது, வேகமாகவும் ஜூலையில் மெதுவாகவும் செல்கிறது என்பதும், அதன் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது என்பதும் சேர்ந்தே இந்த அரை மணி ஊசலாட்டத்தை உண்டாக்குகின்றன. பொழுது படுவது பற்றிய குழப்பம் முழுவதும் இந்த அரை மணியில்தான் ஒளிந்திருக்கிறது.

காலை நகரும் காலமும் மாலை நகரும் காலமும்

வவுனியாவின் மிக நீண்ட பகல் ஜூன் 21ஐ ஒட்டி 12 மணி 38 நிமிடம். மிகக் குறுகிய பகலோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஒரு மணி நேரந்தான். ரொறன்ரோவில் இருக்கும் உறவினருக்கு இந்த வேறுபாடு ஆறரை மணி, லண்டனில் இருப்பவருக்கு எட்டே முக்கால் மணி என்பதைப் பார்த்தால் நம்முடையது ஒரு பொருட்டே அல்ல என்று தோன்றும். ஆனால் நம்முடைய அந்த ஒரு மணி நேரம் காலைக்கும் மாலைக்கும் சரிபாதியாகப் பிரிந்து வருவதில்லை என்பதால், அதைக் கவனித்து வைப்பதில் பயன் உண்டு.

கொப்பியில் கிழமைக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொள்ளலாம், உதயத்தை ஒரு நிரலிலும் அஸ்தமனத்தை இன்னொரு நிரலிலும் எழுதி வாருங்கள். பெப்ரவரி நடுவிலிருந்து மே தொடக்கம் வரை மாலை நிரலில் ஏறத்தாழ ஒரே எண்ணையே திரும்பத் திரும்ப எழுதுவீர்கள். மாசி, பங்குனி, சித்திரை எல்லாம் பொழுது 6.18ஐ ஒட்டியே, ஒரு நிமிடம் முன்பின்னாக, படுகிறது. அதே காலத்தில் காலை நிரல் 6.27இலிருந்து 5.52க்கு, முப்பத்தைந்து நிமிடம் முன்னேறிவிடும். இக்காலத்தில் பகலின் ஒவ்வோர் அரைப்பகுதியும் பதினேழரை நிமிடம் நீள்கிறது, உச்சிவேளையும் ஏறக்குறைய அவ்வளவே முந்துகிறது. காலையில் இரண்டும் கூடுகின்றன; மாலையில் ஒன்றை மற்றொன்று அழித்துவிடுகிறது.

ஆடியிலிருந்து ஐப்பசி வரை இதன் மறுபக்கத்தைக் காணலாம். ஜூலை நடுவிலிருந்து நவம்பர் 10 வரை, ஏறத்தாழ நான்கு மாதம், சூரியன் 5.56க்கும் 6.00க்கும் இடையிலேயே உதிக்கிறது. காலையில் எழுந்து பார்ப்பவருக்குப் பருவம் மாறுவதே தெரியாது. மாலையோ 6.31இலிருந்து 5.45க்கு இறங்கிவிடுகிறது. என்னை நெடுங்கேணி வீதியில் மாட்டிவைத்தது இந்த நாற்பத்தாறு நிமிடந்தான். காலை மாறாததால் மாலையும் மாறியிராது என்று உடம்பு நம்பிவிடுகிறது.

இவற்றுக்கு நடுவே இரண்டு சிறு பருவங்கள் உண்டு. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி இறுதி வரை உதயமும் அஸ்தமனமும் சேர்ந்தே பிந்துகின்றன; பகலின் நீளம் பெரிதாக மாறாமலேயே முழுப் பகலும் அரை மணிக்குச் சற்றுக் குறைவாகப் பின்னே வழுக்கிச் செல்கிறது. ஆண்டின் மிகப் பிந்திய உதயமான 6.29 அதனால்தான் தை நடுவில், ஜனவரி 29ஐ ஒட்டி வருகிறது. ஏழரைக்குப் பாடசாலை தொடங்கும் பிள்ளைகளைப் பனிக்குள் எழுப்பும் தாய்மாருக்கு இது எண்கள் இல்லாமலே தெரிந்த செய்தி. மே இறுதியிலிருந்து ஜூலை நடு வரையும் அவ்வாறே இரண்டும் பிந்துகின்றன, ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை. மிக முந்திய உதயம் 5.48, வைகாசி நடுவில். மிகப் பிந்திய அஸ்தமனம் 6.31, ஆனி முடிவில்.

பகலும் இரவும் சமமான நாள் மார்ச் 21 என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். கொப்பியோ அன்று பகல் 12 மணி 7 நிமிடம் என்று காட்டும். நாம் மேல் விளிம்பைக் கணக்கில் எடுப்பதும், வளிமண்டலம் ஒளியை வளைத்து, உண்மையில் அடிவானத்துக்குக் கீழே போய்விட்ட சூரியனை நமக்கு உயர்த்திக் காட்டுவதும் அந்த ஏழு நிமிடத்தைத் தருகின்றன. வவுனியாவில் பகலும் இரவும் உண்மையாகவே சமமாவது மார்ச் 6ஐயும் ஒக்டோபர் 7ஐயும் ஒட்டி.

மைமலை அளப்பது

அஸ்தமனத்துக்குப் பின்னும் மேல்வளியில் சூரிய ஒளி பட்டுச் சிதறிக்கொண்டிருப்பதால் வெளிச்சம் உடனே போய்விடுவதில்லை. இதை வானியலாளர் மூன்று படியாகப் பிரிக்கின்றனர். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரை குடிசார் அந்தி, 12 பாகை வரை கடல்சார் அந்தி, 18 பாகை வரை வானியல் அந்தி. நம்மவர் செக்கல் என்றும் மைமல் என்றும் சொல்வது பெரும்பாலும் முதற்படியையும் இரண்டாம் படியின் தொடக்கத்தையுந்தான்.

குடிசார் அந்தி வவுனியாவில் ஆண்டு முழுவதும் 21 முதல் 23 நிமிடம். பழைய கணக்கில் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், என்று வைத்துக்கொண்டால் பிழையில்லை. மார்ச்சிலும் செப்ரெம்பரிலும் குறைவு, ஜூனிலும் டிசம்பரிலும் கூட. அஸ்தமனத்திலிருந்து கடல்சார் அந்தி முடிய 45 முதல் 50 நிமிடமும், முழு இருள் வர 70 முதல் 77 நிமிடமும் ஆகும். லண்டனில் ஜூன் மாதக் குடிசார் அந்தி மட்டுமே முக்கால் மணிக்கு நீளும், முழு இருளோ வருவதே இல்லை. அங்கே சூரியன் அடிவானத்தைச் சரிவாக உரசிக்கொண்டு இறங்குகிறது. இங்கே கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோல ஏறத்தாழ நெட்டுக்குத்தாக இறங்குகிறது.

அளக்கும் முறை இது. அஸ்தமனத்தைக் குறித்ததும் கிழக்கே திரும்புங்கள். சில நிமிடங்களில் அடிவானத்தை ஒட்டி ஒரு சாம்பல் நீலப் பட்டி எழும். அதன் மேல் விளிம்பில் மெல்லிய இளஞ்சிவப்பு ஓடும். மேகம் அல்லாத அந்தப் பட்டி பூமியின் சொந்த நிழல், வளிமண்டலத்தின் மேல் விழுந்து ஏறிக்கொண்டிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சிவப்பு கரைந்து, நிழலும் வானமும் ஒரே நிறமாகும். பின்னர் கொண்டுபோன பத்திரிகையைத் திறந்து, சிறிய எழுத்தை விளக்கில்லாமல் வாசிக்க முடியாத நிமிடத்தை எழுதுங்கள். அது குடிசார் அந்தியின் முடிவுக்கு அண்மையில் இருக்கும். அக்கரை மரவரிசையும் வானமும் ஒன்றாகக் கலந்து பிரிக்க முடியாமல் போவது கடல்சார் அந்தியின் முடிவு. மூன்றாவதற்கு நகர வெளிச்சம் இடையூறு என்பதால் ஓமந்தைக்கு அப்பால் செல்வதே நல்லது. நவம்பர் நடுவில் அஸ்தமன வேளையிலேயே கிழக்கில் எழும் கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு விண்மீன்களையும் தனித்தனியே எண்ண முடிந்தால் வானம் போதிய அளவு இருண்டுவிட்டது என்று கொள்ளலாம்.

விடியப்புறத்தில் இவை தலைகீழாக நடக்கும், கால அளவு ஒன்றே. ஆனாலும் தை மாதத்துப் பனிமூட்டம் காலை அளவுகளைக் குழப்பிவிடுவதால், நான் மாலைக் குறிப்பையே கூடுதலாக நம்புகிறேன்.

நாட்காட்டியையும் பயணத்தையும் திருத்திக்கொள்வது

சுவரில் தொங்கும் நாட்காட்டி எந்த ஊருக்குக் கணித்தது என்று பார்க்க வேண்டும். சென்னை ஏறத்தாழ நம் நெடுங்கோட்டிலேயே இருந்தாலும் வடக்கே நாலேகால் பாகைக்கு மேல் தள்ளியிருப்பதால், டிசம்பரில் அங்கே உதயம் நம்மைவிட எட்டு ஒன்பது நிமிடம் வரை பிந்தும். கொழும்புக்குக் கணித்த அஸ்தமனத்தை டிசம்பரில் வவுனியாவில் பின்பற்றினால், உண்மையில் பொழுது பட்டு ஐந்தாறு நிமிடம் கழித்தே விளக்கேற்றுவீர்கள். கிளிநொச்சிக்கு வவுனியா நேரத்தையே எடுத்துக்கொள்ளலாம், வேறுபாடு ஓரிரு நிமிடந்தான். ராகுகாலத்தை ஒன்றரை மணி என்று எடுப்பதும் தோராயமே: பகலை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு டிசம்பரில் 87 நிமிடம், ஜூனில் ஏறத்தாழ 95 நிமிடம்.

காட்டு வீதியில் போகிறவர்கள் அன்றைய அஸ்தமனத்தோடு இருபது நிமிடத்தைக் கூட்டி, அதற்குள் போய்ச் சேரும்படி புறப்படலாம். மாரி மேகம் மூடியிருந்தால் அந்த இருபது நிமிடத்தைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். பொழுது பட்டதும் இருள் என்று கொள்ளுங்கள். யானை குளத்துக்கு இறங்கும் நேரமும் பாம்பு வரப்பில் கிடக்கும் நேரமும் அதுதான். மாலை ஆறு மணிக்கு முடியும் தனியார் வகுப்பு ஜூலையில் வெயிலோடும் நவம்பரில் கடைசி மைமலோடும் விடுகிறது. ஒக்டோபர் பிறந்ததும் அதை அரை மணி முன்னே தள்ளிவைப்பது பிள்ளைகள் சைக்கிளில் வீடு திரும்ப உதவும்.

மாரியில் கிழமைக்கணக்காகச் சூரியனைக் காண முடியாமல் போகலாம். அந்த நாட்களில் கொப்பியில் "மேகம்" என்று மட்டும் எழுதி, நிரலை வெறுமையாக விடுங்கள். முந்திய கிழமையின் எண்ணைப் பார்த்து ஊகித்து நிரப்பினால், மாலை நகரும் பருவத்தில் ஒரு கிழமைக்குள் மூன்று நான்கு நிமிடம் பிழைத்துவிடும்.